பூக்க மறுக்கும் ஆர்க்கிட்: மதுரை மாடியில் பூங்கதிர் வரவழைக்கும் வழி

பூக்காத ஆர்க்கிட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது உரத்தைத்தான். இந்த வழிகாட்டியில் உரம் ஏழாவது படியில் வருகிறது. வேர் அழுகிய செடிக்கு உரம் ஊற்றுவது, வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடப்பவருக்குக் கறிதோசை பரிமாறுவதைப் போன்றது. வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

இன்றைக்குத் தொடங்கினால் அடுத்த மாதம் பூ வராது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நம் ஊர்களில் அதிகம் விற்கும் ஆர்க்கிட் வகையான டெண்ட்ரோபியம், அடியிலிருந்து புதுத் தண்டு விட்டு, அந்தத் தண்டு வளர்ந்து முற்றிய பிறகே நுனிப் பக்கத்தில் கதிர் விடும். கீழே வரும் வேலைகள் எல்லாமே ஒரு தடித்த தண்டை வளர்த்தெடுக்கும் வேலைகள்தான். எட்டு மாதம் முதல் ஒரு வருடம் வரை பிடிக்கும்.

1. முன்பே எடுத்து வைக்க வேண்டியவை

அடியிலும் பக்கவாட்டிலும் ஓட்டையுள்ள 4 அல்லது 5 அங்குல மண் தொட்டி ஒன்று. மானாமதுரைப் பக்கம் யாராவது போனால் சொல்லிவிடுங்கள். சுடுவதற்கு முன்பே பக்கத்தில் ஓட்டை போட்ட தொட்டியாகக் கேட்க வேண்டும். சுட்ட தொட்டியில் நானே ஓட்டை போடப் போய் மூன்றை உடைத்திருக்கிறேன்.

அடுப்புக்கரி, உடைந்த செங்கல், காய்ந்த தேங்காய் மட்டைத் துண்டு. மூன்றும் கட்டைவிரல் நுனி அளவில் இருக்கட்டும். மட்டைத் துண்டுகளை மூன்று நாள் தண்ணீரில் ஊறவிட்டு, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். அதிலுள்ள உப்பும் துவர்ப்பும் இறங்க வேண்டும். கடையில் கட்டியாக விற்கும் தென்னை நார்த்தூள் வேண்டாம். ஈரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது.

70 அல்லது 75 சதவீத நிழல் வலை, தண்ணீரில் கரைந்துள்ள உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர், கிராம் கணக்கில் அளக்கும் சிறு தராசு, கூர்மையான கத்தரிக்கோல், செடியை இறுக்கிக் கட்ட ஒரு குச்சியும் நூலும். உரமாக, தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 பொட்டலம் ஒன்று, எட்டாம் படிக்கு 13:0:45 பொட்டலம் ஒன்று போதும். இரண்டையும் இப்போதைக்குப் பிரிக்காதீர்கள்.

2. உங்கள் செடி எந்த வகை?

கரும்பைப் போலக் கணுக்கணுவாக நிமிர்ந்த தண்டுகள், அவற்றில் மாறி மாறி இலைகள் என்றால் டெண்ட்ரோபியம். மதுரை வெயிலுக்குத் தோதான செடி. ஊதாவும் வெள்ளையுமாகப் பூக்கும் 'சோனியா' இந்தக் கூட்டம்தான்.

தண்டே தெரியாமல், அடியிலிருந்து இரு பக்கமும் அகன்ற தடித்த இலைகள் விரிந்தால் ஃபெலனாப்சிஸ். பரிசாக வந்து வீட்டுக் கூடத்தில் உட்காரும் செடி. அதற்கு ஒன்பதாம் படி தனியாக இருக்கிறது.

ஒற்றைத் தண்டு, பட்டை பட்டையான இலைகள், அந்தரத்தில் தொங்கும் தடித்த வேர்கள் என்றால் வாண்டா. தொட்டியும் கலவையும் அதற்குத் தேவையில்லை; மரக்கூடையில் தொங்கவிட்டு, தினமும் காலையில் வேர்கள் பச்சையாகும் வரை நனைத்தால் போதும். வெளிச்சமும் உரமும் டெண்ட்ரோபியத்துக்குச் சொல்வதே.

நாணல் போல நீண்ட இலைக்கொத்தும் அடியில் முட்டை வடிவக் குமிழ்களும் இருந்தால் சிம்பிடியம். இதை வைத்துக்கொண்டு மதுரையில் போராடாதீர்கள். அதன் பெரும்பாலான பெரிய பூ வகைகளுக்குக் கதிர் கிளம்பும் காலத்தில் இரவில் 10 முதல் 15 டிகிரி வரை குளிர் வேண்டும். மார்கழியிலும் நம் ஊர் இரவு 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. கொடைக்கானலில் ஒரு நர்சரியில் பூவோடு பார்த்து மயங்கி வாங்கி வந்த சிம்பிடியத்துக்கு நான் நான்கு வருடம் ஊழியம் செய்தேன். இலை இலையாகத் தள்ளியது. ஐந்தாம் வருடம் மலையிலேயே இருக்கும் உறவினரிடம் கொடுத்துவிட்டேன். அங்கே பூத்ததைப் படமெடுத்து அனுப்பினார்கள். மகிழ்ச்சிதான், கொஞ்சம் எரிச்சலும்தான்.

3. வேரைப் பார்ப்பது

செடியைத் தொட்டியோடு சாய்த்து மெதுவாக வெளியே எடுங்கள். நல்ல வேர் விரலால் அழுத்தினால் உறுதியாக இருக்கும். காய்ந்த நிலையில் வெள்ளிச் சாம்பல் நிறம், நனைத்தால் பச்சை. கெட்ட வேர் பழுப்பாக, உள்ளே ஒன்றுமில்லாமல் அமுங்கும். இழுத்தால் மேல் உறை கழன்று நூல் மட்டும் கையோடு வரும்.

கெட்டவற்றை மட்டும் நறுக்கிவிடுங்கள். கத்தரிக்கோலை ஒவ்வொரு செடிக்கும் முன்பு அடுப்புத் தீயில் காட்டிக்கொள்ளுங்கள், வைரஸ் நோய் பெரும்பாலும் வெட்டுக் கருவி வழியாகத்தான் செடிக்குச் செடி பரவுகிறது. வெட்டிய இடம் ஒரு நாள் நிழலில் காயட்டும்.

தண்டுகள் சுருங்கி வரியோடினால் பெரும்பாலோர் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறார்கள். பல நேரம் நடப்பது நேர்மாறு: அதிக ஈரத்தில் வேர் அழுகி, உறிஞ்ச வாயில்லாமல் செடி தாகத்தில் சுருங்குகிறது. வேரைப் பார்க்காமல் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. இந்தப் படி மூன்றாவதாக இருப்பதற்கு அதுவே காரணம்.

4. தொட்டி மாற்றுவது

எல்லாச் செடிக்கும் இது தேவைப்படாது. வேர் நன்றாக இருந்து, கலவையும் மக்காமல் இருந்தால் அப்படியே திரும்ப வைத்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

மாற்றியே ஆக வேண்டுமானால், புது முளையின் அடியில் பச்சை வேர் நுனிகள் எட்டிப் பார்க்கும் சமயமே சரியான சமயம். என் மாடியில் அது மாசி, பங்குனியில் வருகிறது. அந்த வேர்கள் நேராகப் புதுக் கலவைக்குள் இறங்கிவிடும். மார்கழியில் மாற்றினால் செடி மாதக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

நான் பார்த்த தவறுகளிலேயே பெரியது செம்மண்ணும் தொழு உரமும் கலந்து நடுவது. நர்சரியில் வெறும் மட்டையில் இருந்த செடியைப் பார்த்து, 'பாவம், மண்ணே இல்லை' என்று இரங்கி மண்ணைப் போடுகிறார்கள். இது மரக்கிளையைப் பற்றிக்கொண்டு காற்றில் வேர்விட்டு வாழும் செடி. மரத்திலிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை. மழை வந்தால் நனையும், ஒரு மணி நேரத்தில் உலரும். மண்ணுக்குள் அந்த வேருக்கு மூச்சு முட்டுகிறது.

அடுத்த தவறு பெரிய தொட்டி. வேர் எட்டாத இடத்தில் ஈரம் தேங்கி அழுகல் தொடங்கும். செடி அடங்கி, இரண்டு புதுத் தண்டுக்கு இடமிருந்தால் போதும். பழைய தண்டுகள் தொட்டி விளிம்பை ஒட்டி இருக்கட்டும், முளை வரும் பக்கத்தில் இடம் விடுங்கள். தண்டின் அடி கலவைக்கு மேலே தெரிய வேண்டும். புதைத்தால் முளை அழுகும்.

கடைசியாக, குச்சி நட்டு இறுகக் கட்டுங்கள். ஆடிக் காற்றில் ஆடுகிற செடியின் இளம் வேர் நுனிகள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கரியில் உரசி ஒடிகின்றன.

5. வெளிச்சம்

பூக்காத பத்து டெண்ட்ரோபியத்தில் எட்டு, என் அனுபவத்தில், இந்தப் படியில்தான் சிக்கியிருக்கின்றன. 'ஆர்க்கிட் என்றால் நிழல் செடி' என்று கேள்விப்பட்டு டி.வி.க்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். அங்கே அது சாகாது, இலை பளபளக்கும், பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் புதுத் தண்டு ஒவ்வொரு வருடமும் முந்தையதைவிடக் குட்டையாகவும் மெலிந்தும் வரும். சேமிக்க மிச்சமில்லாத தண்டு பூக்காது.

இலை நிறத்தைப் பாருங்கள். கறிவேப்பிலை போன்ற கரும்பச்சை என்றால் வெளிச்சம் போதவில்லை. வாழைக் குருத்து விரிந்த சில நாளில் இருக்கும் இளம்பச்சை, லேசான மஞ்சள் சாயலோடு இருந்தால் சரி. இலையின் நடுவே வெளுத்த திட்டு வந்து பிறகு கருத்தால் வெயில் சுட்டுவிட்டது. சந்தேகம் இருந்தால் நண்பகலில் இலையைத் தொட்டுப் பாருங்கள்; உங்கள் கைக்கே சூடாகத் தெரிந்தால் செடிக்கு அது அதிகம்.

கணக்கு வேண்டுவோருக்கு: நண்பகல் நேர் வெயில் சுமார் 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). டெண்ட்ரோபியத்துக்கு 20,000 முதல் 30,000 வரை பொருந்தும். 70 முதல் 75 சதவீத வலையைக் கேட்டது அதனால்தான். 50 சதவீத வலை சித்திரையில் போதாது. செல்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலிகள் துல்லியமாக இராவிட்டாலும், ஓர் இடத்தையும் இன்னோர் இடத்தையும் ஒப்பிட உதவும்.

வலையைச் செடிக்கு மேல் குறைந்தது மூன்று அடி உயரத்தில் கட்டுங்கள். தாழக் கட்டினால் அடியில் வெப்பம் தங்கி வெந்துவிடும். மேற்குப் பக்கமும் ஒரு திரை தொங்கட்டும். மாலை 3 மணி வெயில்தான் நம் ஊரில் கொடியது. தொட்டியைத் தளத்தில் வைக்காதீர்கள். பகல் முழுதும் காய்ந்த கான்கிரீட் இரவு வரை சூட்டைக் கக்கும். இரண்டடி உயர ஸ்டாண்டு, அல்லது கம்பியில் தொங்கல்.

மாடி இல்லாமல் பால்கனி மட்டும் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மதுரை சுமார் 10 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதன் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை நண்பகலில் வடக்குப் பக்கமாகவே சாய்ந்திருக்கும். 'வடக்குப் பார்த்த பால்கனி, வெயிலே வராது' என்று நம்பி வைத்த செடி மே, ஜூனில் கருகுவது இதனால்தான். தெற்குப் பால்கனிக்கோ நல்ல வெளிச்சம் ஐப்பசி முதல் மாசி வரைதான். கிழக்குப் பால்கனி இருந்தால் யோசிக்கவே வேண்டாம். காலை 9 மணி வரையான வெயிலை வலையின்றியே தாங்கும், கோடையில் மட்டும் கொஞ்சம் மறைப்பு.

வீட்டுக்குள் இருந்த செடியை ஒரே நாளில் வெளியே தள்ளாதீர்கள். முதல் வாரம் காலை 8 மணி வரை வெயில், இரண்டாம் வாரம் 9 மணி வரை, மூன்றாம் வாரத்தில் வலையின் கீழ் நிரந்தர இடம். நிழலில் வளர்ந்த இலைக்கு வெயிலைத் தாங்கும் பக்குவம் வர அவ்வளவு நாள் ஆகும்.

6. தண்ணீர்

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்டால் பதில் கிடையாது. கரியும் செங்கலும் நிறைந்த தொட்டி அக்னி நட்சத்திரத்தில் காலையும் மாலையும் கேட்கும். அடைமழைக் காலத்தில் ஒரு வாரம் தொடாமல் விடலாம். வேர் வெள்ளியாக மாறி, தொட்டியைத் தூக்கினால் எடை குறைந்திருந்தால் ஊற்றுங்கள். ஊற்றும்போது அடியில் ஒழுகும் வரை ஊற்றுங்கள். கோடைத் தவிர மற்ற நாட்களில் காலையில் மட்டும். இரவில் முளைக் குருத்துக்குள் நீர் தங்கினால் அழுகும்.

எவ்வளவு என்பதைவிட எந்தத் தண்ணீர் என்பது முக்கியம். மீட்டரை வைத்து அளந்து பாருங்கள். 200-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 400, 500 வரை சமாளிக்கலாம். எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீர் 1,400 காட்டியது. அதை ஊற்றிய காலத்தில் தொட்டி விளிம்பில் வெள்ளைப் பூச்சு படிந்து, வேர் நுனிகள் ஒவ்வொன்றாகக் கருகின.

குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவியிலிருந்து வெளியேறும் கழிவு நீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுபவர்கள் நம்மில் ஏராளம். உப்பைப் பிரித்தெடுத்து வெளியே தள்ளும் நீர் அது. கிணற்று நீரைவிடக் கூடுதல் உப்பு. பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். ஆர்க்கிட்டுக்குச் சுத்திகரித்த நீரில் ஒரு குவளை கொடுப்பதில் தப்பில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மொட்டை மாடி மழைநீரை டிரம்மில் பிடித்து மூடி வைத்தால் இன்னும் உத்தமம். முதல் மழையைத் தளம் கழுவ விட்டுவிட்டு இரண்டாவதைப் பிடியுங்கள்.

காற்றின் ஈரத்துக்கு, கோடை மாலையில் செடிகளைச் சுற்றியுள்ள தரையை நனைத்துவிடுங்கள். நண்பகலில் இலைமேல் தெளிப்பது ஐந்து நிமிடத்தில் ஆவியாகிவிடும். மனத் திருப்திக்கு மட்டும்.

7. இப்போது உரம்

வேர் உறுதியாகி, வெளிச்சம் சரியாகி, புது முளை விரல் நீளம் வந்த பிறகு 19:19:19 பொட்டலத்தைப் பிரியுங்கள். ஒரு லிட்டர் நீருக்கு ஒரு கிராம், வாரம் ஒருமுறை. முதலில் வெறும் நீரால் வேரை நனைத்து, அரை மணி கழித்து உர நீர் கொடுங்கள். காய்ந்த வேரில் உரம் பட்டால் சுடும். மாதத்தில் ஒரு வாரம் உரமில்லாமல் நிறைய நீர் ஊற்றித் தேங்கிய உப்பைக் கழுவிவிடுங்கள்.

டி.ஏ.பி. குருணையைத் தொட்டியில் தூவாதீர்கள். பிடித்துவைக்க மண் இல்லாததால் அது நேராக வேர்மேல் கரையும். பஞ்சகவ்யம், வெங்காயத் தோல் நீர், அரிசி கழுவிய நீர் எல்லாம் என்னிடமும் கேட்கிறார்கள். தோட்டத்து மண்ணில் அவற்றுக்கு வேலை உண்டு. கரித்தொட்டியில் அவை எறும்பைக் கூப்பிடுகின்றன. எறும்பு மாவுப்பூச்சியைக் கொண்டுவந்து குடிவைக்கிறது. வந்துவிட்டால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு இலைக் கக்கங்களில் துடைத்தெடுங்கள்.

8. தண்டு முற்றும் நேரம்

புதுத் தண்டு இலைமேல் இலையாக விட்டுக்கொண்டே போய், ஒரு நாள் நுனியில் வழக்கத்தைவிடச் சிறிய இலை ஒன்றோடு நின்றுவிடும். வளர்ச்சி முடிந்ததற்கு அடையாளம் அதுதான். எனக்கு இது பெரும்பாலும் ஆவணியிலிருந்து ஐப்பசிக்குள் நடக்கிறது.

இந்தக் கட்டத்தில் 19:19:19-ஐ நிறுத்தி, சாம்பல் சத்து மிகுந்த 13:0:45 லிட்டருக்கு ஒரு கிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுங்கள். தண்ணீரையும் ஒருநாள் தள்ளித் தள்ளிக் கொடுக்கலாம். தண்டு சுருங்கும் அளவுக்குக் காயவிடக் கூடாது. அடைமழை மூட்டத்தில் வெளிச்சம் குறையும் நாட்களில் வலையைச் சுருட்டிவிடுங்கள். உரத்தை மாற்றுவதைவிட இதுதான் கூடுதலாக வேலை செய்கிறது என்பது என் எண்ணம்.

நுனிக் கணுவில் பூங்கதிருக்குப் பதிலாகக் குட்டிச் செடி வேரோடு கிளம்பினால் தழைச்சத்தும் ஈரமும் அதிகமாகியிருக்கலாம், அல்லது அடி வேர் கெட்டிருக்கலாம். மூன்றாம் படிக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். குட்டியின் வேர்கள் இரண்டு அங்குலம் வந்ததும் பிரித்துத் தனியே வைக்கலாம்.

9. ஃபெலனாப்சிஸ் வைத்திருப்பவர்களுக்கு

இந்தச் செடி கதிர் விட, சில வாரங்கள் வெப்பம் 25, 26 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். பகல் 28-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால், இரவு குளிர்ந்தாலும் இலை மட்டுமே விடும். மதுரையில் இதற்கு வாய்ப்புள்ள காலம் கார்த்திகைக் கடைசியிலிருந்து தை வரைதான்.

அந்த வாரங்களில் வீட்டிலேயே குளிர்ந்த, கிழக்கு ஜன்னலுள்ள அறையில் வையுங்கள்; மெல்லிய திரை வழியே காலை வெளிச்சம் விழட்டும். இரவில் ஏசி ஓடும் அறையானால் நல்லது, குளிர்காற்று நேராக முகத்தில் அடிக்காத மூலையில், கூழாங்கல்லும் நீரும் உள்ள தட்டின்மேல். கல்லின் மேல் தொட்டி நிற்க வேண்டும், நீரைத் தொடக் கூடாது. இலைகளின் நடுக் குருத்தில் தண்ணீர் விழுந்தால் பஞ்சால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

இலையடியில் புதிதாக ஒன்று முளைத்தால் வேரா கதிரா என்று குழம்ப வேண்டாம். வேர் நுனி உருண்டு பளபளக்கும். கதிரின் நுனி சற்றுத் தட்டையாக, கையுறையின் கட்டைவிரல் போல ஒரு மடிப்போடு இருக்கும். உண்மையைச் சொன்னால், முதல் ஆர்க்கிட்டாக இதை மதுரையில் யாருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை.

10. கதிர் வந்த பிறகு

கதிர் கண்ணில் பட்டதும் செடியை எடுத்து வந்து கூடத்தில் வைத்து எல்லாருக்கும் காட்டத் தோன்றும். தோன்றட்டும், எடுக்காதீர்கள். மொட்டு விரியும் வரை இடத்தையும் திசையையும் மாற்றக் கூடாது. திருப்பிவைத்தால் கதிர் வெளிச்சத்தைத் தேடி வளைந்து பூக்கள் ஆளுக்கொரு பக்கம் பார்க்கும். திடீர் வறட்சி பட்டால் மொட்டு மஞ்சளாகி உதிரும்.

பாதிப் பூக்கள் விரிந்ததும் உள்ளே கொண்டுவரலாம். பழக்கூடைக்கு அருகில் மட்டும் வேண்டாம். பழுக்கும் வாழையும் மாம்பழமும் வெளியிடும் எத்திலீன் வாயு மொட்டைக் கொட்டச் செய்யும். சாம்பிராணிப் புகையிலும் அது உண்டு, பூஜை அறை வாசலையும் தவிர்த்துவிடுங்கள். வீட்டுக்குள் மாதக்கணக்கில் வைக்காமல், பூ வாடியதும் செடியை வலையின் கீழ் திருப்பி வையுங்கள்.

11. பூத்து முடிந்ததும்

காய்ந்த பூங்கதிரை மட்டும் அடியோடு நறுக்குங்கள். தண்டில் கை வைக்காதீர்கள். மல்லிகையைக் கார்த்திகை, மார்கழியில் கவாத்து செய்து பழகிய கை நமக்கு. இலை உதிர்ந்த பழைய தண்டைப் பார்த்ததும் கத்தரிக்கோல் தானாகப் போகும். அந்த மொட்டைத் தண்டுதான் அடுத்த முளைக்கு நீரும் உணவும் தரும் கிடங்கு. பல தண்டுகள் இரண்டாம் வருடமும் மீதிக் கணுவில் கதிர் விடும். முழுதாகப் பழுத்து, அழுத்தினால் சக்கையாக அமுங்கும் தண்டை மட்டும் வெட்டலாம்.

பிறகு தண்ணீரைக் குறைத்து, உரமின்றி இரண்டு மாதம் சும்மா விடுங்கள். மாசியில் அடியில் பச்சைப் புள்ளியாக முளை தெரிந்ததும் வலை கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஐந்தாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். இந்த முறை வரும் தண்டு போன வருடத்தை விடத் தடித்திருக்கிறதா என்று நூல் வைத்து அளந்து, தொட்டியின் பக்கத்தில் சாக்பீஸால் எழுதி வையுங்கள்.